கோமு மெமோரியல்

ஹெப்சிபா வேலையில் சேர்ந்த முதல் நாளே, உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்காகத் துக்கம் விசாரித்துவிட்டாள்.

குற்றம் அவள் மேல் இல்லை. பேட்டை ரோட்டில் பள்ளிக்கூட வாசலில் ஆளுயரப் பலகை: ‘கோமு மெமோரியல் நர்சரி அண்டு பிரைமரி ஸ்கூல்’. உள்ளே ஆபீஸ் சுவரில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணின் பெரிய போட்டோ. போட்டோவுக்குச் சந்தன மாலை. தலைக்கு மேல் சிவப்பாக ஒரு குட்டி பல்பு. ஒரு மனுஷி செத்துப்போனாள் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தாளாளர் சிவசைலம் வேலை உத்தரவை நீட்டியதும், பாளையங்கோட்டையில் மரியாதை சொல்லி வளர்க்கப்பட்ட பெண் என்கிற முறையில் ஹெப்சிபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க போல அண்ணாச்சி. பாக்கவே கஷ்டமா இருக்கு.”

சிவசைலம் போட்டோவைத் திரும்பிப் பார்த்தார். “எங்க போனா? வீட்டுலதான் கெடக்கா. ஒரு மணிக்குச் சோறு கொண்டு வருவா, பாருங்க.”

ஒரு மணிக்குப் போட்டோவில் இருந்த பெண், அதே மூக்குத்தியோடு, அடுக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். ஹெப்சிபா கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

சிவசைலத்துக்கு டவுனில் பாத்திரக்கடை. எவர்சில்வர் விற்கிறவனைவிட இங்கிலீஷ் விற்கிறவன் சீக்கிரம் மாடி கட்டிவிடுகிறான் என்பதைத் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே மோப்பம் பிடித்தவர். மாமனார் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த இடம் பேட்டை ரோட்டில் முள் மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் தள்ளிவிட்டு வகுப்பறைகளைக் கட்டினார். இடம் கோமுவுடையது என்பதால் பெயரும் கோமுவுடையது. மெமோரியல் மட்டும் அவருடைய சொந்தச் சேர்க்கை. பாளையங்கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் பெரிய பெரிய கட்டடங்களில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறார். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி நல்ல பள்ளிக்கூடத்துக்கு மெமோரியல் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். சந்தன மாலை, போட்டோவுக்குச் சட்டம் போட்ட கடைக்காரன் இனாமாகக் கொடுத்தது. இனாமாக வந்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் இல்லாத குடும்பம் அது.

பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களுக்கும் விஷயம் தெரியும். தலைமை ஆசிரியை ராஜராஜேஸ்வரியிடம் ஹெப்சிபா கேட்டபோது அந்தம்மாள் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “நம்ம சம்பளத்துல கிளாஸ் எடுக்கதுதான் சேத்தி. மொதலாளிக்கு அர்த்தம் சொல்லுதது தனி. பேசாம போயி ரெண்டாங்கிளாஸப் பாருங்க.”

ஹெப்சிபாவால் பேசாமல் இருக்க முடியவில்லை. சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடும். ஒரு சனிக்கிழமை சிவசைலம் நல்ல மனநிலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, பலகையில ஒரு வார்த்தை... அந்த மெமோரியல். அது வந்து, காலமானவங்களுக்கு...”

“காலமெல்லாம் நெலைச்சு நிக்கும், அதான சொல்ல வாரிய? அதுக்குத்தான வச்சிருக்கேன்!” சிவசைலம் பூரித்துப் போனார். “நீங்க ஒருத்தருதான் டீச்சர் அதைக் கவனிச்சுச் சொல்லிருக்கிய. மத்ததெல்லாம் கூலிக்கு மாரடிக்குத கூட்டம்.”

ஹெப்சிபா மறுபடி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் எச்சில் துப்ப எழுந்து போய்விட்டார். அந்த மாதம் அவளுக்கு மட்டும் ஒரு எவர்சில்வர் டபரா பரிசாக வந்தது. அப்புறம் எப்படிச் சொல்வது?

இதற்கிடையில் கோமு வகுப்புக்கு வர ஆரம்பித்திருந்தாள். மாணவியாக அல்ல. புருஷன் சாப்பிட்டு, கை கழுவி, ஏப்பம் விட்டு முடிகிற வரை கேரியருக்காகக் காத்திருக்க வேண்டும். ஆபீசுக்கு வெளியே நின்று பார்த்தாள். வெயில் சுட்டது. பைய நகர்ந்து ரெண்டாங்கிளாஸ் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஹெப்சிபாவும் பாடத்தை நிறுத்தவில்லை. பிள்ளைகளும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அந்த நேரம் வார்த்தை வகுப்பு. ஹெப்சிபா ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கரும்பலகையில் எழுதுவாள். அர்த்தத்தைப் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும், அதுவும் சொந்தமாக. புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தால் மார்க் கிடையாது.

“நெய்பர்?”

“நம்ம வீட்டு மிக்சியை வாங்கிட்டுப் போயிட்டுத் திருப்பித் தராதவங்க, டீச்சர்.”

“கெஸ்ட்?”

“அவங்க எந்திரிச்சுப் போனாத்தான் மிச்ச மிக்சர் நமக்கு.”

“ரெஸ்ட்?”

“எங்கப்பா பாக்குத வேலை!”

கடைசி பெஞ்சில் கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். ஒரு நாள் ஹெப்சிபா ‘வெயிட்’ என்று எழுதினாள். பிள்ளைகள் பஸ், டாக்டர், ரேஷன் கடை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி மேலே வந்தது.

“கேரியர் காலியாகுத வரைக்கும் நிக்கது,” என்றாள் கோமு.

வகுப்பே கை தட்டியது. அன்றிலிருந்து அவளுக்குப் பயம் விட்டுப் போயிற்று. ‘ஹஸ்பண்ட்’ என்று எழுதிய அன்று ஒரு பிள்ளையையும் பேச விடாமல் அவளே எழுந்து நின்றுவிட்டாள்: “கொழம்புல உப்பு இல்லைன்னா மட்டும் நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுதவரு!” பிள்ளைகளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ராஜராஜேஸ்வரிக்குப் புரிந்தது. அவள் சிரித்ததை ஹெப்சிபா முதல்முறையாகப் பார்த்தாள்.

கோமுவுக்கு மிகவும் பிடித்த சொல் ‘லேட்’. நேரம் கழித்து வருவது என்று ஹெப்சிபா சொல்லிக்கொடுத்தாள். அந்த வகுப்பில் லேட் என்றால் பெர்லின். தினமும் பிரேயர் முடிந்த பிறகு, ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற பெண் அவள். கோமு அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டு போனாள். கடையைச் சாத்திவிட்டு யாரோடாவது வம்பளந்துவிட்டு வருகிற சிவசைலத்திடம், தட்டை வைக்கும்போதே, “லேட்டு” என்று ஒரே சொல்லாகச் சொல்வாளாம். அவருக்குக் கோபம் வந்தாலும் வீட்டுக்குள் இங்கிலீஷ் வந்துவிட்டதே என்று ஒரு பெருமையும் இருந்ததாம்.

பலகைச் சொற்களை எல்லாம் ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, கோமு ஒரு நாள் வாசல் பலகையைக் காட்டிக் கேட்டாள். “டீச்சர், நர்சரின்னா செடி வளக்குத எடம், சரி. ஸ்கூலு தெரியும். நடுவுல என் பேருக்குப் பக்கத்துல இருக்கே, அது என்ன?”

ஹெப்சிபா டஸ்டரை எடுத்துக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். “அது... நினைவுன்னு அர்த்தம் அக்கா. நினைவா வச்சிருக்காங்கன்னு.”

கோமுவின் முகம் மாறிய விதத்தை ஹெப்சிபா எதிர்பார்க்கவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆன அந்தப் பெண்ணுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

“அவுகளா? என்னை நினைக்காகளா?” என்றாள் மெல்ல. “ஒரு நாளும் வாயைத் தொறந்து சொன்னதில்லயே. பலகையில எழுதி ஊருக்கே காட்டிருக்காக, எனக்குத்தான் தெரியல பாத்தியளா.”

அன்று கேரியரை எடுத்துக்கொண்டு போகும்போது கோமு வாசலில் நின்று பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். ஹெப்சிபாவுக்கு நெஞ்செரிச்சல் பலமாக வந்தது.

தை மாதம் ஆண்டு விழா. இந்த வருஷம் இங்கிலீஷில் பேசுகிற ஆள்தான் சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்று சிவசைலம் பிடிவாதமாக இருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் பாக்கியசீலனை அழைத்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட டை, கண்ணில் எப்போதும் ஒரு ஈரம். போன வருஷம்தான் அவருடைய மனைவி தவறிப்போயிருந்தார்.

மேடையில் ஒரு நாற்காலியில் கோமுவின் போட்டோவைத் தூக்கி வைத்திருந்தார் சிவசைலம். முன்னால் குத்துவிளக்கு. பக்கத்தில் ஊதுபத்தி வேறு. கொசுவுக்காக ஏற்றியது என்று பிற்பாடு சொன்னார். பாக்கியசீலன் தமக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழுத்திலிருந்து கழற்றி, கண்ணை மூடி, அந்தப் போட்டோவுக்கே போட்டார். சிவசைலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. முன்வரிசையில் மாம்பழக் கலர் பட்டில் உட்கார்ந்திருந்த கோமு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் யார் எவர் என்று பேராசிரியருக்குத் தெரியாது. ஈரக் கண்ணோடு அவ்வளவு தூரம் பார்வையும் போகாது.

மைக்குக்குப் பக்கத்தில், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் வேலையில், ஹெப்சிபா. கையில் இருந்த தாள் வியர்வையில் நனைந்து வாழை இலை மாதிரி துவண்டுவிட்டது.

பாக்கியசீலன் முதலில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார், மறைந்தவருக்கு மௌன அஞ்சலி. சொன்னது இங்கிலீஷில் என்பதால், சிவசைலம் அதை ஏதோ புதுமாதிரி பிரேயர் என்று நினைத்து முதல் ஆளாக எழுந்தார். பெற்றோர்கள் எழுந்தார்கள். கோமுவும் எழுந்து, கை கூப்பி, கண்ணை மூடி, தனக்காகத் தானே மௌனமாக நின்றாள். பின்வரிசையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பேங்க் ஆபீசர் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேச்சு. நல்ல மனுஷன், நல்ல இங்கிலீஷ். “தி லேட் மிசஸ் கோமு” என்று ஆரம்பித்தார். கோமு சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு வீட்டில் பெண் போய்விட்டால் வீடு எப்படிக் காலியாகிறது, காபி டம்ளரைக்கூட எங்கே வைத்தோம் என்று கேட்க ஆளில்லாமல் போகிறது என்றெல்லாம் சொல்லிவிட்டு மறுபடியும் “தி லேட் மிசஸ் கோமு” என்றார். கோமு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஏதோ முணுமுணுத்தாள்.  மூன்றாவது தடவை பேராசிரியர் குரல் தழுதழுக்க அதையே சொன்னபோது, மாம்பழக் கலர் பட்டு விருட்டென்று எழுந்து நின்றது.

“நோ லேட்!” என்றாள் கோமு, ரெண்டாங்கிளாஸ் கடைசி பெஞ்சின் முழுக் குரலில். “ஐ கம் ஃபோர் ஓ கிளாக்! ஆஸ்க் வாட்ச்மேன்!”

கேட்டுக்குப் பக்கத்திலிருந்து வாட்ச்மேன் அசன் மைதீன் கூவினார்: “ஆமா சார், அம்மா நாலு மணிக்கே வந்துட்டாக! நாந்தான் நாற்காலி போட்டேன்!”

பாக்கியசீலன் குழம்பிப் போய் ஹெப்சிபா பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் யார் என்று மைக்கிலேயே கேட்டார். பொய் சொல்லலாம். மயக்கம் போட்டு விழலாம். ஹெப்சிபாவுக்கு இரண்டுமே வரவில்லை.

“ஷி இஸ் மிசஸ் கோமு, சார்.”

 அப்புறம் பேங்க் ஆபீசர் வாயிலிருந்து கைக்குட்டை பறந்தது. சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி, அர்த்தம் கேட்டு, அர்த்தம் சொல்லி, வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மேடையில் சிவசைலம் இன்னும் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். “என்ன டீச்சர், எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு போலுக்கே?” என்று காதோரம் கேட்டார். ஹெப்சிபா அவர் காதிலேயே சொன்னாள். மெமோரியல் என்றால் என்ன, லேட் என்றால் இன்னொரு அர்த்தம் என்ன, எழுந்து நின்றது எதற்கு. அவர் முகம் ஈயம் போன பாத்திரம் மாதிரி ஆயிற்று.

“முன்னாலயே சொல்லக் கூடாதா?”

“சொல்ல வந்தேன் அண்ணாச்சி. டபரா குடுத்து அனுப்பிட்டிய.”

மேடைக்குப் பின்னால் கோமு வந்து நின்றபோது அவளிடமும் ஹெப்சிபா சொன்னாள். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. கோமு கேட்டு முடிக்கிற வரை மூக்குத்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள். “அப்ப நினைக்கதுக்கு வச்ச பேரு இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோமு திட்டவில்லை.

பாக்கியசீலன் கைகளைப் பிசைந்துகொண்டு வந்தார். மன்னிப்புக் கேட்கத் தமிழ் அவசரத்துக்கு வரவில்லை அவருக்கு. கோமு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“நீங்க ஏன் சார் சங்கடப்படுதிய? எனக்காகக் கண்ணுல தண்ணி விட்ட ஆளு நீங்க ஒருத்தருதான். எங்க வீட்டுக்காரரு பக்கத்துலயே நின்னாக, பல்லைக் காட்டிக்கிட்டு.”

மறுநாள் ஒரு மணிக்குக் கேரியர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கேட்க அனுப்பிய அசன் மைதீனிடம் கோமு சொல்லி அனுப்பிய பதில், அந்த வாரம் முழுக்கப் பேட்டை ரோட்டில் எல்லா டீக்கடையிலும் ஓடியது: “செத்தவ சோறு பொங்க மாட்டா.”

சிவசைலம் ஓட்டலில் சாப்பிட்டார். ஓட்டல் சாம்பார் இரண்டே நாளில் அவரை வளைத்துவிட்டது. ஹெப்சிபாவைக் கூப்பிட்டு, “நீங்கதான சொல்லிக்குடுத்து வளத்திய, நீங்களே கூட்டியாங்க” என்றார். அவள் போய்ச் சொல்ல, கோமு வந்தாள். வெறுங்கையோடு.

ஆபீசில் மூன்று பேரும் நின்றார்கள். அங்கீகாரம் அந்தப் பெயரில்தான் வாங்கியிருக்கிறது, மாற்றுவதற்கு மெட்ராசுக்கு எழுதிப் போட வேண்டும், ஒரு வருஷமாவது இழுக்கும் என்று சிவசைலம் விளக்கினார்.

“அப்ப ஒரு வருசம் நான் செத்திருக்கணுமாக்கும்?”

“சவத்த விடுளா! ஒரு வார்த்தைதான, யாருக்குத் தெரியப் போகுது?”

“சவந்தான் இப்ப விடமாட்டேங்கு,” என்றாள் கோமு. ஹெப்சிபா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நல்ல வார்த்தைன்னுதான வச்சிய? அப்ப என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்கிடுங்க. சிவசைலம் மெமோரியல். கேக்கவும் அம்சமா இருக்கு.”

சிவசைலம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், என் பேருக்குப் போயி...”

“அப்ப நான்? இத்தனை நாளும் கேரியரத் தூக்கிட்டு வந்தது என் ஆவியா?”

அவர் போட்டோவைப் பார்த்தார், பொண்டாட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, எதற்கும் ஆள் வைத்து வேலை வாங்கும் சிவசைலம், அசன் மைதீனிடம் ஏணியும் சுண்ணாம்பும் கேட்டு வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ரெண்டாங்கிளாஸ் மொத்தமும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அவர் மெமோரியலை ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டு வந்தார். கீழே நின்று கோமு, “ஓரத்துல ஒரு கோடு தெரியுது” என்று இரண்டு முறை திருத்தினாள். மெட்ராசுக்கு எழுதிப் போட்டார்களா, பதில் வந்ததா என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் உயிரோடு இருக்கிறவளுக்கு ஊர் கூடி அஞ்சலி செலுத்தியது பெரிய தோஷம் என்று சிவசைலத்தின் ஜோசியர் கருத்தையா சொல்லிவிட்டார். பாபநாசத்தில் ஆற்றில் முழுகி எழுந்து சாமி கும்பிட வேண்டும். யார் முழுக வேண்டும் என்று கோமு கேட்டாள். பேர் வச்சவர்தான் என்றார் ஜோசியர். அந்த ஒரு பதிலுக்காகவே கோமு அவருக்குத் தட்சணையைக் கூட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். துணைக்கு டீச்சர் வந்தால்தான் வருவேன் என்று கோமு சொல்லிவிட்டதால், ஹெப்சிபா வேதக்கோயிலில் ஆராதனைக்குப் போகாமல் அப்பாவிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சிவசைலம் முன்சீட்டில் துண்டும் மாற்று வேட்டியுமாக உம்மென்று உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் கோமு. வழி நெடுக ஒரு கடைப் பலகையை விடவில்லை.

“டீச்சர், டீலக்ஸ்னா?”

“கொஞ்சம் வசதியானதுன்னு சொல்லிக்கிடுதது.”

“ஏசி பார்னு போட்டுருக்கே, உள்ள என்னத்தப் பாக்கச் சொல்லுதான்?”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். சிவசைலம் திரும்பி முறைத்தார். “அதெல்லாம் ஒனக்கு வேண்டாம்ளா.”

“நீங்க வச்ச வார்த்தையை நம்பித்தான செத்துப்போனேன்? டீச்சர் சொல்லட்டும்.”

ஹெப்சிபா சொன்னாள். கோமு அர்த்தத்தைக் கேட்டு, சிவசைலம் கடை சாத்திவிட்டுப் போகிற இடங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள். அவர் அம்பாசமுத்திரம் வருகிற வரை ஜன்னலுக்கு வெளியே நெல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாபநாசத்தில் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர், தை மாதத்தில் கல்லையும் நடுங்க வைக்கும். சிவசைலம் கால் விரலை நனைத்தார், எடுத்தார். படித்துறையில் வெயில் விழுகிற படியாகப் பார்த்து ஹெப்சிபாவும் கோமுவும் உட்கார்ந்து, அவித்த கடலையைப் பிரித்தார்கள். கடைசியில் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி, ஐயோ என்று எழுந்தார்.

“தலை நனையலயே,” என்று கோமு படியிலிருந்து சத்தம் போட்டாள். “நல்லா முங்குங்க!”

அவர் மறுபடி முழுகினார். கோமு உரித்த கடலையில் பாதியை ஹெப்சிபாவின் கையில் கொட்டினாள்.

“திங்கக்கிழமையிலேர்ந்து காலையிலயே கிளாஸுக்கு வந்துருவேன் டீச்சர்,” என்றாள். “எனக்கு முன் பெஞ்சு வேணும். பின்னால ஒக்காந்தா போர்டு தெரிய மாட்டேங்கு.”

“அண்ணாச்சிக்குச் சாப்பாடு?”

“வீட்டுல மூடி வச்சிட்டு வாரேன். பசிச்சா வந்து போட்டுத் தின்னட்டும்.”

ஆற்றில் பல் கிட்டிக்க நின்றுகொண்டிருந்த சிவசைலம், போதுமா என்று கையால் கேட்டார். கோமு யோசித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினாள்.